கேமுக்குள் இருக்கும் புத்தகத்தை யார் படிக்கிறார்கள்?

ஜூலை 6, 2025, ஞாயிறு மாலை (வாஷி தம்பி கேட்டது)

ஸ்கைரிம் மறுபடி ஆரம்பிச்சிருக்கேன். எந்த வீட்டுக்குள்ள போனாலும் அலமாரி நிறைய புத்தகம். திறந்தா பக்கம் பக்கமா ஓடுது. இதையெல்லாம் நிஜமாவே யாராவது படிச்சிருக்கீங்களா? எனக்கு வெறும் ஜோடனைன்னுதான் படுது. கேமுக்குள்ள வர்ற புத்தகம், டிவி ஷோ, ரேடியோ விளம்பரம், குட்டி கேம் எல்லாத்தையும் தூக்கிட்டாலும் கேமுக்கு ஒரு குறையும் வராது. மறுக்கறவங்க மறுக்கலாம்.

ஜூலை 6, இரவு 11.50

தூக்கிவிட்ட கேமை நான் ஆடியிருக்கிறேன் தம்பி.

2003 வாக்கில் லேமிங்டன் ரோட்டு நடைபாதையில் ஜிடிஏ வைஸ் சிட்டி கேம் ஒற்றை சிடியில் கிடைக்கும். அசல் இரண்டு சிடி. ஒன்றில் அடங்க வேண்டும் என்பதற்காக ரேடியோ முழுவதையும் வெட்டிவிட்டு விற்ற சரக்கு. ‘ரிப்’ என்போம். ஆண்டாப் ஹில் குவார்ட்டர்ஸில் அப்பா தூங்கினதும் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஆடுவேன். குறைத்ததே வீண் வேலை. காரில் ஏறினால் இன்ஜின் சத்தம், டயர் கிறீச்சிடும் சத்தம், பின்னால் போலீஸ் சைரன். அவ்வளவுதான். அதுதான் கேம் என்று நம்பிக் கடைசி வரை முடித்தேன்.

அப்புறம் கல்லூரியில் ஒருத்தன் முழுப் பதிப்பு வைத்திருந்தான். கார் கதவைச் சாத்தினேன், ரேடியோவில் ஒரு விளம்பரம். டிஜெனட்ரான் என்று ஒரு வீட்டு கேம் பெட்டி. கதை 1986ல் நடக்கிறதல்லவா, அந்தக் காலத்துக்குத் தகுந்த சரக்கு. பறக்கும் சிவப்புச் சதுரத்தை வைத்துப் பச்சைப் புள்ளிகளைக் காப்பாற்ற வேண்டுமாம். அடுத்த கேமின் வர்ணனையைக் கேட்டால் அதிலும் சதுரம், அதிலும் புள்ளி. பெயர் மட்டும் வேறு. விற்கிறவன் குரலில்தான் என்ன ஆவேசம்! வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தேன். துரத்தி வந்த போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. கேமைச் செய்த ராக்ஸ்டார்காரர்கள் இதற்காக ஒரு வலைத்தளமே போட்டு அந்தச் சதுரங்களை ஆடவும் வழி செய்திருந்தார்கள்.

குறை வராது என்றால், சரி, வரவில்லை. முடித்தேனே. ஆனால் அந்த ஊரில் ஆள் குடியிருக்கிறார்கள் என்பது ரேடியோ வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஜூலை 7, காலை, தாதர் தாண்டி

நின்றுகொண்டே தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தம்பி பக்கம் ஒரு நியாயம் உண்டு. ஸ்கைரிம் சேர்ந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் சில புத்தகங்களைத் திறந்த மாத்திரத்தில் ஏதாவது ஒரு திறமையில் ஒரு புள்ளி ஏறிவிடும். வாசிக்கவே வேண்டாம். திற, மூடு, கிளம்பு. செய்தவர்களுக்கே நம் லட்சணம் தெரிந்திருக்கிறது.

ஜூலை 9, இரவு

‘அப்படி என்னதான் படித்தீர்கள், பெயர் சொல்லுங்கள்’ என்று கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன்.

இந்த சீரீஸில் படிக்கத்தக்க புத்தகங்கள் 1996ல் வந்த டாகர்ஃபாலிலேயே உண்டு. அதில் சிலது மாரோவிண்ட் (2002), ஒப்லிவியன் (2006), ஸ்கைரிம் (2011) வரைக்கும் அலமாரி விட்டு அலமாரி தாவி வந்திருக்கிறது. கேம்களுக்குள் ஆண்டுக்கணக்கில் காலம் ஓடுகிறது, அரசர்கள் மாறுகிறார்கள், நிலப்பரப்பே மாறுகிறது, ஆனால் அதே புத்தகம் எங்கோ ஒரு விடுதி மேஜையில் கிடக்கிறது. எனக்கு முதலில் பிடித்தது இதுதான்.

ஊரே கேலி பேசும் புத்தகத்தை முதலில் முடித்துவிடலாம். லஸ்டி ஆர்கோனியன் மெய்ட். இரட்டை அர்த்த நாடகம். மாரோவிண்டில் நமக்குக் கிடைப்பது நாலாவது அங்கம், மூன்றாவது காட்சி மட்டும். வீட்டு எஜமானன் பாத்திரத்தின் பெயர் கிராண்டியஸ் கோல்டோ. எழுதியவர் பெயர் கிராசியஸ் கியூரியோ. மனுஷன் தன் பெயரை மறைக்க எடுத்துக்கொண்ட சிரமம் அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால் அந்த ஆளை நேரிலேயே பார்க்கலாம். நாம் சேரக்கூடிய ஹ்லாலு குடும்பத்தின் கவுன்சிலர். பதவி உயர்வுக்கு ஆதரவு கேட்டுப் போய் நின்றால் முதலில் உடையைக் கழற்றச் சொல்வார். நாடகத்தைப் படித்துவிட்டுப் போனவனுக்கு இது அதிர்ச்சியே இல்லை. படிக்காமல் போனவன் முழிப்பான்.

இன்னொன்று, பாரென்ஸியா ராணியின் வாழ்க்கை. அரசாங்கம் ஒப்புக்கொண்ட மரியாதையான சரித்திரம் மூன்று பாகம். ‘உண்மையான பாரென்ஸியா’ என்று ஊருக்குள் உலவும் வம்புச் சரித்திரம் ஐந்து பாகம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் மரியாதைச் சரித்திரம் எந்தெந்த இடத்தில் நைசாக நழுவுகிறது என்று தெரியும். மாரோவிண்டின் டிரிபியூனல் விரிவாக்கத்தில் மோர்ன்ஹோல்டு அரண்மனைக்குப் போகிறோம். அங்கே ராணியே இருக்கிறாள். அந்த வம்புச் சரித்திரத்தை எழுதினவர் அவளுடைய எழுத்தராகவே அதே அரண்மனையில் உட்கார்ந்திருக்கிறார். தன்னைப் பற்றி அப்படி எழுதியவனுக்கு ராணியே அடைக்கலம் கொடுத்து வைத்திருக்கிறாள். இதற்குமேல் அந்தப் பெண்ணைப் பற்றி என்ன தெரிய வேண்டும்?

ஜூலை 12, சனி

மழை. வெளியே போகவில்லை. எனவே நீளமாக.

மாதுங்காவில் பெரியப்பா வீட்டுப் பரணில் தொடர்கதை பைண்டுகள் இருந்தன. வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காலிகோ அட்டை போட்டவை. கதைப் பக்கத்தின் பின்னால் தைல விளம்பரம், பாதி ஜோக்கு. எந்த பைண்டை எடுத்தாலும் நடுவில் ஒரு வாரம் இருக்காது. அந்த வாரம் ஊருக்குப் போயிருப்பார்கள், இல்லை யாராவது இரவல் வாங்கிப் போயிருப்பார்கள். கிணற்றடியில் அழுதுகொண்டு நின்ற நாயகி அடுத்த பக்கத்தில் கல்யாண மண்டபத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருப்பாள். நடுவில் என்ன நடந்தது என்று பெரியம்மாவைக் கேட்டால் அவர் ஒரு கதை சொல்வார், பெரியப்பா வேறு கதை சொல்வார்.

எ டான்ஸ் இன் ஃபயர் எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஏழு பாகம். டெக்குமஸ் ஸ்காட்டி என்று ஒரு குமாஸ்தா. தலைநகரில் கட்டட ஒப்பந்தங்கள் பார்க்கும் அலுவலகத்தில் வேலை போய்விடுகிறது. போரில் நாசமான காட்டு நாட்டில் மறுகட்டுமானம் நடக்கப் போகிறது, கான்ட்ராக்ட் பிடித்தால் பிழைத்தோம் என்று கிளம்புகிறான். அந்த ஊர்க்காரர்களுக்குச் செடி கொடியைத் தொடுவது பாவம், மாமிசம் மட்டும்தான் சாப்பாடு. வாளும் மந்திரமும் பறக்கும் உலகத்தில் போய் டெண்டர் கதை எழுதியிருக்கிறார்கள்! டிராகன் கொல்லும் வீரனாக நாம் அலைந்துகொண்டிருக்க, பக்கத்து மேஜையில் ஒரு குமாஸ்தாவின் கமிஷன் கவலை கிடக்கிறது. இந்த மும்பையில் அது யாருக்குப் புரியாது?

எனக்கு முதலில் கிடைத்தது நடுப் பாகம் ஒன்று. முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. ஒரு கொள்ளைக்காரக் கூட்டத்தை ஒழித்துவிட்டு அவர்கள் பெட்டியைத் திறந்தால் தங்கத்துக்கு நடுவே இன்னொரு பாகம். தங்கத்தை விட்டுவிட்டேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் எடுத்தது புத்தகம். ஸ்காட்டியின் அடுத்த அலைச்சல் ஒப்லிவியனில் நாலு பாகமாக வருகிறது, தி ஆர்கோனியன் அக்கவுன்ட் என்று. அது இன்னும் கசப்பான நகைச்சுவை.

இதையே விதியாக வைத்த சீரீஸ் ஒன்றும் உண்டு. டிரெய்ல்ஸ். ஜப்பானில் 2004ல் வந்த முதல் கேமில் கார்னீலியா என்று ஒரு நாவல், அத்தியாயம் அத்தியாயமாகச் சிதறிக் கிடக்கும். சில அத்தியாயம் குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட ஊரில் மட்டும்தான் கிடைக்கும். கதை நகர்ந்துவிட்டால் அது போனது போனதுதான். முழுவதும் சேர்த்தவனுக்குப் பலமான ஆயுதம் தருவார்கள். நான் ஆயுதத்துக்காகத்தான் ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் அடுத்து என்ன ஆகிறது என்பதற்காகத் தேடினேன்.

ஜூலை 13

முலுண்ட் நண்பருக்கு: ஃபெதர்மேன் என்கிற முகமூடி வீரர் டிவி நிகழ்ச்சியை பெர்சோனா 5 கேமுக்காகக் கண்டுபிடித்தது என்கிறீர்கள். இல்லை. 1999ல் வந்த பெர்சோனா 2 இன்னசென்ட் சின்னிலேயே இருக்கிறது. நாயகர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது போட்டுக்கொண்டு விளையாடிய முகமூடியே ஃபெதர்மேன் முகமூடிதான். கதையின் பெரிய முடிச்சு அந்த விளையாட்டில்தான் விழுகிறது. பிறகு வந்த கேம்களில் அது பொம்மையாகவும் டிவி நிகழ்ச்சியாகவும் சாதுவாகிவிட்டது. ஐந்தில் ஃபுதாபா என்கிற பெண்ணின் அறையில் வரிசையாக நிற்கும் பொம்மைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தப் பழைய கதை தெரியாது.

ஜூலை 13, கொஞ்ச நேரம் கழித்து

பெர்சோனா 5 பேச்சு வந்ததால் ஒரு வயிற்றெரிச்சல். அதன் நாயகப் பையன் காலையில் பள்ளிக்கூடம் போகிற வண்டியில் சில நாள் சீட் கிடைக்கும். கிடைத்தால் புத்தகம் எடுக்கலாம், முடித்தால் அறிவோ தைரியமோ கூடும். சில நாள் என்றாலும் சீட்! ஷிபுயா வழியாகப் போகிற வண்டியில்! இங்கே மும்பை லோக்கலில் உட்கார்ந்திருப்பவரிடம் ‘எங்கே இறங்குவீர்கள்’ என்று கேட்டு இடத்தைச் சொல்லி வைக்க வேண்டும். அவர் காட்கோபர் என்பார், நாம் அவர் முழங்காலுக்கு முன்னால் பையை அணைத்துக்கொண்டு நிற்போம், காட்கோபரில் அவர் எழுந்திருக்க மாட்டார். மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒண்ட இடம் கிடைத்தாலும் பாதி உடம்பு வழியில் தொங்கும், போகிறவன் வருகிறவன் எல்லாம் இடிப்பான். என் தைரியம் கூடாததற்குக் காரணம் சென்ட்ரல் லைன்தான்.

ஜூலை 20, ஞாயிறு

ஒரு வாரமாக யோசித்ததில் என் நினைப்பு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

இதுவரை நான் சொன்னதெல்லாம் புத்தகம் நன்றாக எழுதியிருந்தால் படிப்பேன் என்கிற மாதிரி இருக்கிறது. அது பெரிய வாதமில்லை. நன்றாக எழுதியது எங்கே கிடந்தாலும் படிக்கத்தான் செய்வோம். கேமுக்குள் அது ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை. என் மனதில் நின்ற பொய்ப் படைப்புகளை எழுதிப் பார்த்தேன். பாதிக்கு மேல் நான் படித்ததே இல்லை, படிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் அதன் மேல் உயிரை வைத்திருக்கும் ஒரு ஆள் கேமுக்குள் இருக்கிறார்.

ஃபால்அவுட் 4 பாருங்கள். சில்வர் ஷ்ரவுட் என்பது அணுகுண்டுப் போருக்கு முன்னால் ஓடிய ரேடியோ நாடகம். முகத்தை மறைத்த நாயகன், இயந்திரத் துப்பாக்கி, குற்றவாளிகளுக்கு நடுரோட்டில் தீர்ப்பு. போர் 2077ல், கேம் நடப்பது 2287ல். குட்நெய்பர் என்கிற ரவுடிப்பேட்டையில் கென்ட் கானலி என்று ஒரு கூல், கதிரியக்கத்தில் உடம்பு வெந்து சாவும் வராமல் கிடக்கிற ஜென்மம். அந்தப் பழைய நாடகத்தை விடாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறார். கேட்பார் யாருமில்லை. நம்மைப் பார்த்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: காமிக்ஸ் கடை இடிபாட்டில் அந்த உடை இருக்கும், கொண்டு வந்து போட்டுக்கொண்டு நிஜமாகவே ஷ்ரவுடாக இந்த ஊர் அயோக்கியர்களைக் கவனிக்க முடியுமா?

போட்டுக்கொண்டால் பேச்சில் புதுத் தேர்வு ஒன்று முளைக்கிறது: ஷ்ரவுட் மாதிரிப் பேசு. அழுத்தினால் நம் ஆள் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு பழைய நாடக வசனம் விடுவான். எதிரே நிற்கும் கொலைகாரன் ‘இது யாருடா பைத்தியம்’ என்று விழிப்பான். நான் முதலில் சிரிப்புக்காகத்தான் அழுத்தினேன். கடைசியில் கென்டைப் பிணைக்கைதியாகப் பிடித்துவிடுகிறார்கள். அங்கே போய் நின்றபோது வேறு எந்தத் தேர்வையும் அழுத்த மனம் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், எப்படி சாதாரணக் குரலில் பேசுவது? அவர் செத்தும் போகலாம், கவனம்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒன்று, மேக்ஸ் பெய்ன் 2 (2003). அந்தக் கேமின் டிவியில் கேப்டன் பேஸ்பால் பேட் பாய் என்று ஒரு கார்ட்டூன் ஓடும். வின்னி கோக்னிட்டி என்கிற மாஃபியாக்காரன் அதன் வெறியன். எதிரிக்கு அது தெரியும். வின்னி ஆசையோடு மாட்டிக்கொண்ட கார்ட்டூன் வேஷத்துக்குள் வெடிகுண்டு. பெரிய பொம்மைத் தலையோடு கழற்ற முடியாமல் தள்ளாடிக்கொண்டு வருகிறவனை நாம் காப்பாற்றிக் கூட்டிப்போக வேண்டும். கார்ட்டூன் இரண்டு நிமிடம் கூட இருக்காது, மட்டமான கார்ட்டூன். ஆனால் அதை மறக்க மாட்டேன், அந்த ஆளால்.

ஆக, தம்பி கேள்விக்கு என் பதில் இப்போது இது: புத்தகத்தை நாம் படிக்கிறோமா என்பதை விடுங்கள், உள்ளே இருப்பவர்களில் யார் படிக்கிறார் என்று பாருங்கள். ஒருவருமே இல்லை என்றால் அது ஜோடனை. நானே ஒப்புக்கொள்கிறேன்.

ஜூலை 22

நெருல் அக்கா கேட்கிறார்: அப்படியானால் விவெக்கின் முப்பத்தாறு பாடங்களை எங்கே வைப்பாய்? அதற்கு உள்ளே ரசிகன் யாரும் கிடையாதே, ஆனால் உலகம் முழுக்க அதை வைத்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே?

நல்ல கேள்வி, அக்கா. ஒரு நாள் எடுத்துக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்காக: மாரோவிண்டில் விவெக் என்பவர் உயிரோடு இருக்கும் கடவுள், தன் பெயரிலேயே உள்ள நகரத்தில் கோயில் கொண்டிருப்பவர். மைக்கேல் கிர்க்பிரைட் எழுதிய அந்தப் பாடங்கள் முப்பத்தாறும் கேம் முழுக்க இறைந்து கிடக்கின்றன. படித்தால் சித்தர் பரிபாஷையைவிடக் குழப்பம். கோயில் சொல்கிற வரலாறு, தளபதி நெரெவார் கௌரவமாக இறந்தார் என்பது. மெல்ல வேறு பேச்சும் காதில் விழும், கூட இருந்தவர்களே கொன்றார்கள் என்று. முப்பத்தாறாவது பாடத்தில் ஒவ்வொரு பத்தியின் முதல் எழுத்தையும் கோர்த்தால் ஆங்கிலத்தில் ‘பாதகக் கொலை’ என்று வரும். கடவுளே தன் வேதத்துக்குள் ஒளித்து வைத்த வாக்குமூலம்.

நாம் யாராக ஆடுகிறோம்? நெரெவாரின் மறுபிறவியாக. கொன்றவன் எழுதியதைக் கொலையுண்டவன் அடுத்த பிறவியில் படிக்கிறான். உள்ளே வாசகன் இல்லை என்கிறீர்கள், அந்த வாசகன் நாமேதான் அக்கா. மற்ற புத்தகங்கள் யார் திறந்தாலும் அதே புத்தகம். இது மட்டும் முகவரி எழுதி நமக்கே அனுப்பியது.

ஜூலை 22, பின்குறிப்பு

ஃபைனல் ஃபேன்டஸி 9ஐ (2000) யாரும் சொல்லவில்லையே? திருட்டு நாடகக் குழு இளவரசியைக் கடத்த ராஜசபையில் நாடகம் போடுகிறது. இளவரசிக்கோ கடத்தப்படவே ஆசை, மேடையேறி அவளும் நடித்துவிடுகிறாள். நடுவில் பொத்தான் அழுத்தி வாள்சண்டை போட வேண்டும், நூறு பிரபுக்களில் எத்தனை பேருக்குப் பிடித்தது என்று மதிப்பெண் வரும். நூற்றுக்கு நூறு வாங்காமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்து சாப்பாடு ஆறிப்போன கதை உண்டு. நாடகம் நூறு பேரில் ஒரு ஆளுக்குப் பிடிக்காமல் போனால் என்ன என்று அம்மா கேட்டார். பதில் இல்லை.

ஆகஸ்ட் 3

ஜிடிஏ 5. மைக்கேல் பகலில் நகைக்கடையைக் கொள்ளையடிக்கிறவன். வீட்டுக்கு வந்தால் மகன் ஜிம்மி ரைச்சியஸ் ஸ்லாட்டர் 7 என்கிற சுடுகிற கேமில் கெட்ட வார்த்தை கத்திக்கொண்டிருப்பான். அப்பனுக்கு அது பிடிக்காது. அந்தக் காட்சிக்கு வசனமே வேண்டாம்.

மெல்ட்டவுன் படத்தையும் சொல்ல வேண்டும். மைக்கேல் பழைய படப் பைத்தியம், தயாரிப்பில் தானே கை கொடுக்கிறான், படம் முடிந்ததும் ஊர் தியேட்டரில் ஓடுகிறது. டிக்கெட் எடுத்துப் போய் உட்கார்ந்து பார்க்கலாம். தன் பெயர் திரையில் வர வேண்டும் என்று தவித்தவனோடு நாமும் இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம். படம் சுமார்தான்.

போவாய் சாருக்கு: டிஸ்கோ எலிசியத்தின் டிக் முல்லன் துப்பறியும் நாவல்கள் இங்கே கட்டாயம் சேரும். படிக்கிற நேரத்துக்குக் கேமின் கடிகாரமும் ஓடுகிறது பாருங்கள். கொலையைத் துப்பு துலக்க வந்த போலீஸ்காரன் பிணத்தை மரத்தில் தொங்க விட்டுவிட்டுத் துப்பறியும் நாவல் படித்துப் பொழுதைக் கழிக்கிறான். அவனைவிட மோசமான ரசிகன் வேறு யார்?

ஆகஸ்ட் 15, விடுமுறை

மேக்ஸ் பெய்ன் 2ஐச் செய்த ரெமடி நிறுவனத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

மேக்ஸ் பெய்ன் 2ல் எதிரியைத் தேடி வீடு வீடாக நுழைகிறபோது டிவி ஓடிக்கொண்டிருக்கும். லார்ட்ஸ் அண்டு லேடீஸ் என்கிற உடை அலங்காரச் சீரியல், அட்ரஸ் அன்நோன் என்கிற பிரமை பிடித்த திகில் தொடர், டிக் ஜஸ்டிஸ் என்கிற போலீஸ் தொடர். நின்று பார்த்தால் பகுதி பகுதியாகக் கதை நகரும். டிக் ஜஸ்டிஸ் முதல் மேக்ஸ் பெய்னையே நக்கலடிப்பது, அதே சோகம், அதே கனத்த குரல். அட்ரஸ் அன்நோனுக்குக் கேளிக்கைப் பூங்கா வரைக்கும் கட்டி, அதை மூடிப்போட்டு, அதற்குள் மோனா என்கிற பாத்திரத்தைக் குடிவைத்திருக்கிறார்கள். டிவியில் பார்த்த செட்டுக்குள்ளேயே நாம் நடக்கிறோம்.

பிறகு ஆலன் வேக் (2010). அவன் எழுத்தாளன். முன்பு நைட் ஸ்ப்ரிங்ஸ் என்கிற டிவி தொடருக்கு எழுதியவன், கேமில் ஆங்காங்கே உள்ள டிவியைப் போட்டால் அந்தத் தொடர் ஓடும். பேர் வாங்கித் தந்தது அலெக்ஸ் கேசி என்கிற துப்பறிவாளன் நாவல் வரிசை. அந்த நாவலின் ஒரு பக்கம் கேமில் நம் காதில் விழுகிறது, யார் குரலில்? மேக்ஸ் பெய்னுக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் மெக்காஃப்ரியின் குரலில். மேக்ஸ் பெய்ன் உரிமை அப்போது ரெமடியிடம் இல்லை, 2002லேயே ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக்-டூ வாங்கிவிட்டது. மூன்றாம் பாகத்தை 2012ல் ராக்ஸ்டார்தான் செய்தார்கள். சொந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாதவர்கள் ஒரு பொய் நாவலின் நாயகனாக்கி வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்கள்.

2023ல் வந்த ஆலன் வேக் 2ல் கேசி நாவலை விட்டு வெளியே வந்துவிடுகிறான். அதே பெயரில் நிஜ எஃப்பிஐ அதிகாரி. முகம் சாம் லேக்குடையது, எழுதுகிறவரும் அவர்தான், முதல் மேக்ஸ் பெய்னுக்கு முகம் கொடுத்தவரும் அவர்தான். குரல் மெக்காஃப்ரி. அக்டோபரில் கேம் வந்தது, டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். நான் அந்தச் செய்திக்குப் பிறகுதான் ஆடினேன். கேசி பேசுகிற ஒவ்வொரு இடத்திலும் பொத்தானை அழுத்தித் தாண்டாமல் முழுக்கக் கேட்டேன்.

‘இது சட்டச் சிக்கலுக்குச் செய்த ஒட்டு வேலை, கலை என்று தூக்காதே’ என்று வாஷி தம்பி எழுதியிருக்கிறான். ஒட்டு வேலைதான். ஒட்டு தெரியாமல் தைத்திருந்தால் நமக்கு இந்தப் பேச்சே இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தண்டவாளத்தில் தண்ணீர், வண்டி இல்லை. வீட்டிலிருந்து வேலை என்று பெயர். மத்தியானமே லெஃப்ட் பிஹைண்டை எடுத்தேன்.

தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமுக்கு 2014ல் வந்த சின்னச் சேர்க்கை அது. உலகம் அழிந்த பிறகு பிறந்த எல்லி, தோழி ரைலியோடு பாழடைந்த மாலில் சுற்றுகிறாள். உள்ளே ஒரு ஆர்கேட் கடை, பெயரே ராஜா ஆர்கேட்தான், எந்த ராஜாவோ தெரியாது. தி டர்னிங் என்கிற சண்டை கேமை ஆட வேண்டும் என்று எல்லிக்குக் கொள்ளை ஆசை. மெஷின் செத்துக் கிடக்கிறது. ரைலி சொல்கிறாள், கண்ணை மூடு, கையைப் பொத்தான் மேல் வை.

ரைலி வாயாலேயே ஆட்டத்தைச் சொல்லத் தொடங்குகிறாள். நீ ஏஞ்சல் நைவ்ஸ், எதிரே பிளாக் ஃபேங், இதோ பாய்கிறான். கேமரா திரைக்குப் போகவே போகாது. எல்லியின் முகத்திலேயே நிற்கும். மூடின கண், கடித்த உதடு. கொஞ்ச நேரத்தில் அந்த முகத்தில் நீலமும் சிவப்பும் வெளிச்சம் விழ ஆரம்பிக்கும், அடி விழுகிற சத்தம் கேட்க ஆரம்பிக்கும். நம் கைக்குப் பொத்தான் கட்டளைகள் வரும், மேலே, கீழே, அடி. நாமும் இல்லாத கேமை ஆடுகிறோம். தோற்கவும் செய்யலாம்.

கேமுக்குள் கேம் என்று எத்தனையோ வைத்திருக்கிறார்கள். சான் ஆண்ட்ரியாஸில் ஆர்கேட் பெட்டிகள் உண்டு, ஃபால்அவுட் 4ல் கையில் கட்டின கணினியிலேயே ரெட் மெனஸ் ஆடலாம். அவை எல்லாம் நிஜமாக ஓடுகின்றன, ஐந்து நிமிடத்தில் அலுக்கின்றன. ஓடாத இந்த ஒன்றை நான் இன்றைக்கும் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறேன். தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது இந்த இடத்தில் மார்ட்டல் காம்பேட் 2ஐ வைத்து, மெஷினையும் ஓட விட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு ஒட்டவில்லை.

ஆகஸ்ட் 24

க்வென்ட் சீட்டாட்டத்தைச் சொல்லவில்லை என்று கோபித்திருக்கிறார்கள். விட்சர் 3ல் மகளைத் தேடிப் போகிற அவசரத்தில் ஊருக்கு ஊர் சாராயக்கடைக்காரனோடு சீட்டாடுகிற கிழவன் கதைதானே? 2018ல் அது தனிக் கேமாகவே வந்து அங்கேயும் என் நேரத்தைத் தின்றது. அதைப் பற்றி நான் நிதானமாகப் பேசுகிற நிலையில் இல்லை.

கடைசியாக மொய்ரா. ஃபால்அவுட் 3ல் (2008) மெகாடன் ஊர்க் கடைக்காரி. பாழ்நிலத்தில் பிழைப்பது எப்படி என்று கையேடு எழுதுகிறாள், ஆராய்ச்சிக்கு ஆள் நாம். கண்ணிவெடி வயலுக்குப் போய் ஒன்று எடுத்துக்கொண்டு வா. கதிரியக்கத்தில் நனைந்து நோயாகி வா. நன்றாக அடிபட்டு வா, பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு சொல்வாள். நூலகம் வரைக்கும் துரத்துவாள்.

2010ல் நியூ வேகாஸ் ஆடிக்கொண்டிருந்தேன். வேறு மாநிலம், வேறு ஆட்கள், கதை நடப்பதும் சில ஆண்டு தள்ளி. ஒரு இடிந்த குடிசையில் அலமாரியைத் துழாவினால் வேஸ்ட்லேண்ட் சர்வைவல் கைடு. அச்சாகி, கண்டம் தாண்டி வந்து தூசி படிந்து கிடக்கிறது. என் கால் உடைந்ததெல்லாம் எங்கோ ஒரு அத்தியாயத்தில் இருக்க வேண்டும். திறந்தேன். மூன்று புள்ளி ஏறியது, புத்தகம் மறைந்துவிட்டது. அந்தக் கேமில் திறமைப் புத்தகம் ஒரு தடவைதான், படித்தால் தீர்ந்தது.

மெகாடனில் ஊர் நடுவே கிடக்கும் அணுகுண்டை வெடித்துவிட்டு ‘போச்சே மொய்ரா’ என்று புலம்புகிறவர்கள் கவனிக்க. அவள் சாகவில்லை. கூலாக மாறி, கூல்கள் வாழும் அண்டர்வோர்ல்டுக்குக் குடிபோயிருக்கிறாள். அங்கே போய்ப் பேசுங்கள், கையேட்டு வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும்.